ஜான் லார்ட்: ஹாமண்ட் ஆர்கனும் ஆர்க்கெஸ்ட்ராவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் லார்ட் யார்?

'டீப் பர்ப்பிள்' என்ற ஆங்கிலேய ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் கீபோர்டு கலைஞர். 1941 ஜூன் 9 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். 2012 ஜூலை 16 அன்று லண்டனில் இறந்தார். கிதார்தான் ராஜா என்றிருந்த ஹார்ட் ராக்கில், ஆர்கனைக் கிதாருக்குச் சமமாக எதிரே உட்கார வைத்தவர். அந்தக் குழுவோடு உலகம் சுற்றிய காலத்திலேயே முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கான படைப்புகளையும் எழுதினார். அறுபது வயதைத் தாண்டியதும் குழுவை விட்டு விலகி, முழுநேர இசையமைப்பாளராக வாழ்ந்தார்.

அவரைப் பற்றிப் பேசும்போது "ராக்கோடு கிளாசிக்கலைக் கலந்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. ஆர்க்கெஸ்ட்ராவை மேடையில் ஏற்றிய இரவைவிட, நான்கு பேரோடு சேர்ந்து வாசித்த சாதாரண ராக் பாட்டுகளில்தான் அவருடைய கலவை நன்றாகக் கரைந்திருக்கிறது. கீழே உள்ள பதில்களில் அதைக் காட்டப் பார்க்கிறேன்.

அவருக்குக் கிளாசிக்கல் பயிற்சி உண்டா, கேள்வி ஞானமா?

முறையான பயிற்சிதான். ஐந்து வயதிலேயே பியானோ வகுப்பு தொடங்கிவிட்டது. அப்பா சாக்ஸபோன் வாசிப்பார், தொழிலாக இல்லை, ஆசைக்காக. வீட்டில் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கும் இருந்தார், நடன இசையும் இருந்தது. எல்கர், ஹோல்ஸ்ட், வான் வில்லியம்ஸ் போன்ற ஆங்கிலேய இசையமைப்பாளர்கள் மீது அவருக்குக் கடைசிவரை தனிப் பிரியம். பிற்காலத்தில் எழுதிய மெதுவான பகுதிகளில் அந்தப் பச்சைப்புல் வாசனை அப்படியே வரும்.

அப்புறம் ஜிம்மி ஸ்மித் வந்தார். ஹாமண்ட் ஆர்கனில் புளூஸும் ஜாஸும் வாசித்த அமெரிக்கர். ஆர்கன் என்றால் தேவாலயம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறையையே அவர் திசை திருப்பினார். லார்டின் வலது கையில் ஒரு பாதி பாக், மறு பாதி ஜிம்மி ஸ்மித் என்று சொன்னால் மிகையில்லை.

நடிகராக வேண்டும் என்று லண்டனுக்கு வந்தாராமே?

ஆமாம். பள்ளி முடித்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு லண்டன் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஸ்பீச் அண்ட் டிராமாவில் நடிப்புப் படிக்கச் சேர்ந்தார். அங்கிருந்து ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஒரு கூட்டம் பிரிந்துபோய் டிராமா சென்டரைத் தொடங்கியபோது இவரும் கூடவே போனார். செலவுக்கு இரவில் பப்களில் பியானோ, ஆர்கன். அந்த 'செலவுக்கு' வாசித்ததே தொழிலாகிவிட்டது. 1960-களின் நடுவில் ஆர்ட் வுட் நடத்திய 'ஆர்ட்வுட்ஸ்' குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். ஆர்ட் வுட்டின் தம்பிதான் பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்த ரானி வுட்.

1968-ல் டீப் பர்ப்பிள் உருவானது. ரிச்சி பிளாக்மோர் கிதார், இயன் பெய்ஸ் டிரம்ஸ், நிக் சிம்பர் பேஸ், ராட் எவான்ஸ் குரல். அடுத்த வருடமே எவான்ஸ், சிம்பர் இருவருக்கும் பதிலாக இயன் கிலனும் ராஜர் குளோவரும் வந்தார்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டாவது அணியைத்தான்.

ஹாமண்ட் ஆர்கன் என்பது என்ன? அவர் ஒலி ஏன் அப்படி உறுமுகிறது?

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு மலிவான மாற்றாக 1930-களில் லாரன்ஸ் ஹாமண்ட் உருவாக்கிய கருவி இது. உள்ளே மின்னணு எதுவும் பெரிதாக இல்லை. ஒரு மோட்டார் பல் வைத்த சிறு உலோகச் சக்கரங்களைச் சுழற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்புக்கும் எதிரே ஒரு காந்தச் சுருள் இருக்கும். பல் கடக்கும் வேகம்தான் சுருதி. விசையை அழுத்தினால் அந்தச் சக்கரங்களின் மின்னலைகள் வெளியே வரும். எந்த அலை எவ்வளவு வர வேண்டும் என்பதை விசைகளுக்கு மேலே உள்ள இழுப்பான்கள், அதாவது டிராபார்கள், தீர்மானிக்கும். கனத்தைக் கேட்காதீர்கள். லார்ட் வாசித்த சி-3 மாடல், பெடல், பெஞ்சு எல்லாம் சேர்த்து 180 கிலோவுக்கும் மேல் வரும். ஒவ்வொரு ஊரிலும் மேடையில் ஏற்றி இறக்க வேண்டும்.

வழக்கமாக இதை லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கியோடு இணைப்பார்கள். அதனால்தான் ஆர்கன் ஒலி காற்றில் அலைவது போல இருக்கும். லார்ட் அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் பிளாக்மோர் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை உச்சத்தில் வைத்து வாசிக்கும்போது லெஸ்லி மட்டும் எடுபடாது. ஆர்கனையும் மார்ஷலில் மாட்டினார். கிதாருக்காகச் செய்த ஆம்ப் அது. ஆர்கனின் கனத்த அலை உள்ளே போனதும் ஒலி கிழிந்து, நெளிந்து, மிருகம் மாதிரி வெளியே வந்தது. கிழிகிறதே என்று அவர் பயப்படவில்லை. அந்தக் கிழிசலையே குரலாக்கிக்கொண்டார்.

இதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்படிக் கிழியும் ஒலியில் ஐந்தாறு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே குறைந்த சுரங்களில், தெளிவான கோடுகளாக வாசித்தாக வேண்டும். கோடு கோடாக யோசிப்பது பாக் சொல்லித்தந்த பழக்கம். கருவியின் கட்டாயமும் பழைய பயிற்சியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ராக் பாட்டுகளில் கிளாசிக்கல் எங்கே இருக்கிறது? குறிப்பாகச் சொல்ல முடியுமா?

'ஹைவே ஸ்டார்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. கார் ஓட்டுவதைப் பற்றிய, நிற்க நேரமில்லாத பாட்டு. ஆர்கன் சோலோ வரும் இடத்தில் கீழே ஓடும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) வரிசை மாறுகிறது. புளூஸில் மூன்று கார்டுகளுக்குள் சுற்றிச் சுற்றி வருவார்கள். இங்கே ஒவ்வொரு கார்டும் அடுத்ததைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, பாக் வாழ்ந்த பரோக் கால இசையில் போவது போல. அதன் மேல் லார்டின் வலது கை கார்டுகளை உடைத்து, சுரம் சுரமாக, இடைவெளியில்லாமல் ஓடுகிறது. நடு நடுவே ஒரு புளூஸ் வளைவு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எது பாக், எது புளூஸ் என்று பிரிக்கப் பார்த்தால் பிரிக்க வராது. பின்னால் வரும் கிதார் சோலோவும் இதே பாணியில்தான் கட்டப்பட்டிருக்கிறது. பிளாக்மோருக்கும் பாக் மேல் பெரிய மரியாதை என்பதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து 'பர்ன்', 1974. டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்த பிறகு போட்ட பாட்டு. அதன் ஆர்கன் சோலோவின் பின்பகுதியில் இந்த பரோக் வரிசை இன்னும் வெளிப்படையாக வரும். அங்கே லார்ட் அவசரப்படவே மாட்டார். பெய்ஸின் டிரம்ஸ் அப்படிக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் ஒவ்வொரு கார்டையும் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

'சைல்ட் இன் டைம்' வேறு விதம். 1970-ன் 'இன் ராக்' ஆல்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. தொடக்க மெட்டு 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' இசையிலிருந்து வந்தது. இவர்கள் வேகத்தைக் குறைத்து, இருட்டாக்கினார்கள். ஆரம்பத்தில் ஆர்கன் தனியாக, சன்னமாக வருகிறது. கிலனின் குரல் மெல்லச் சேர்கிறது. அந்தப் பொறுமையைக் கவனியுங்கள். சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தில் விட்டு, மறுபடி அடியிலிருந்து தொடங்குவது. சிம்ஃபனி கேட்டு வளர்ந்த காதுக்கு வரும் துணிச்சல் அது.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில் அவருக்குப் பங்கு உண்டா?

உண்டு. அந்த உலகப் புகழ் மெட்டைக் கிதார் தொடங்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு பெருப்பது போலத் தோன்றுமே, அது மார்ஷல் வழியே வரும் ஹாமண்டும் சேர்ந்து வாசிப்பதால்தான். பலர் அதைக் கிதார் என்றே நினைத்துக் கேட்கிறார்கள்.

டீப் பர்ப்பிளும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்த 1969 கான்செர்ட்டோ பற்றிச் சொல்லுங்கள். யாருடைய யோசனை?

லார்டின் யோசனை. டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவும் லியோனர்ட் பெர்ன்ஸ்டீன் நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக்கும் சேர்ந்து பதிவு செய்த ஒரு தட்டு அவர் மனதில் விழுந்து கிடந்தது. ஜாஸுக்கு முடிந்தது ராக்குக்கு ஏன் முடியாது? இதைக் குழுவின் மேலாளர் டோனி எட்வர்ட்ஸிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். எட்வர்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. ராயல் ஆல்பர்ட் ஹாலை முன்பதிவு செய்துவிட்டு வந்து தேதியைச் சொன்னார்: செப்டம்பர் 24. ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவும் தயார். நடத்துபவர் மால்கம் ஆர்னால்டு. தானே பெரிய சிம்ஃபனி இசையமைப்பாளர், திரைப்பட இசைக்கு ஆஸ்கர் வாங்கியவர். தயாராக இல்லாத ஒன்று இசைக்குறிப்பு மட்டும்தான்.

லார்ட் கச்சேரிகள் முடித்து வீடு திரும்பிய பிறகு இரவுகளில் உட்கார்ந்து எழுதினார். மொத்தம் மூன்று பகுதிகள், ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ராவும் ராக் குழுவும் எதிரிகள். ஆர்க்கெஸ்ட்ரா நெடுநேரம் தனியாக வாசித்துத் தன் இடத்தை நிறுவுகிறது. பிறகு குழு உள்ளே பாய்கிறது. இரண்டாவது பகுதி மெதுவானது, குரல் வருவது அங்கேதான். பாட்டு வரிகளைக் கிலன் கடைசி நேரத்தில் எழுதினார். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன, நடுவே பெய்ஸின் டிரம்ஸ் சோலோ.

ஒத்திகையில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் சிலர் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள். நீள முடியும் கிழிந்த ஜீன்ஸுமாக வந்தவர்களோடு எதற்கு வாசிக்க வேண்டும் என்ற எண்ணம். அந்த இடத்தில் ஆர்னால்டு மட்டும் இளையவரின் பக்கம் நிற்காமல் போயிருந்தால் இந்தக் கச்சேரி பெயரளவுக்கு நடந்து முடிந்திருக்கும். தன் ஆட்களையே அவர் கடிந்துகொண்டு, ஒழுங்காக வாசிக்க வைத்தார். லார்ட் வாழ்நாள் முழுக்க அந்த நன்றியை மறக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சியில் ஆர்னால்டின் ஆறாவது சிம்ஃபனியும் வாசிக்கப்பட்டது என்பதை நிறையப் பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

படைப்பு எப்படி என்று கேட்டால், முதல் பகுதியின் ஒட்டுகள் தெரியத்தான் செய்கின்றன. ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து நிறுத்தும், குழு வாசித்து நிறுத்தும், மாறி மாறி. இருபத்தெட்டு வயதில், அவ்வளவு குறைந்த நாட்களில், முன்னே வழிகாட்ட ஏறக்குறைய யாருமில்லாமல் எழுதியது. இரண்டாவது பகுதியின் ஆரம்பத்தில் மரக்காற்றுக் கருவிகள் எடுக்கும் மெட்டு மட்டும் தனி உயரத்தில் நிற்கிறது. அதை ஒருமுறை கேளுங்கள், பின்னால் வரப்போகும் இசையமைப்பாளர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்.

அந்த இசைக்குறிப்பு தொலைந்துபோனது உண்மையா?

உண்மை. முதல் அரங்கேற்றத்துக்குப் பிறகு மறுபடி ஒன்றிரண்டு முறை வாசித்தபின் கையெழுத்துப் பிரதி காணாமல் போனது. முப்பது வருடத்துக்கு அந்தப் படைப்பை வாசிக்க வழியில்லை. மார்கோ டி ஹூய் என்ற இளம் டச்சு இசையமைப்பாளர், ஒலிப்பதிவைக் கேட்டும் கச்சேரியின் படப்பதிவைப் பார்த்தும், ஒவ்வொரு கருவியும் என்ன வாசிக்கிறது என்று காதாலேயே பிரித்து முழுக் குறிப்பையும் மறுபடி எழுதினார். ஓர் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் காதால் பிரிப்பது என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். வயலின்கள் ஒன்றாக இழுக்கும்போது அதற்குள் வியோலா என்ன செய்கிறது என்பது பதிவில் பாதி கேட்கும், பாதி கேட்காது. விடுபட்ட இடங்களை லார்ட் அவரோடு உட்கார்ந்து நிரப்பினார், சில இடங்களைத் திருத்தவும் செய்தார். 1999 செப்டம்பரில் அதே ஆல்பர்ட் ஹாலில், லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடு, பால் மான் நடத்த, மறுபடி வாசிக்கப்பட்டது.

இதனால் பிளாக்மோருடன் சண்டை வந்ததா?

உரசல் வந்தது. கான்செர்ட்டோவுக்குப் பிறகு பத்திரிகைகள் இவர்களை ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் குழு என்றே எழுத ஆரம்பித்தன. பிளாக்மோருக்கும் கிலனுக்கும் அது பிடிக்கவில்லை. கலப்படமில்லாத ராக் வேண்டும் என்றார் பிளாக்மோர். அதன் விளைவுதான் 'இன் ராக்'. ஆனால் அந்த உரசலால் லார்டும் லாபமே அடைந்தார் என்று நினைக்கிறேன். ஆர்க்கெஸ்ட்ராவை வெளியே நிறுத்திவிட்டதால், உள்ளே இருந்த பாக்கை அவர் ஆர்கன் வழியாகவே சொல்ல வேண்டியதாயிற்று. ஆர்க்கெஸ்ட்ரா ஆசையைத் தனிக் கணக்கில் வைத்துக்கொண்டார். பிபிசி கேட்டு எழுதிய 'ஜெமினி சூட்' 1970-லேயே லண்டனில் அரங்கேறியது.

தனி ஆல்பங்களில் எது சிறந்தது?

'சராபாண்ட்', 1976. தயங்காமல் சொல்வேன். பரோக் காலத்து நடனத் தொகுப்பின் வடிவத்தை எடுத்து, ஒவ்வொரு நடனத்தையும் தன் பாணியில் எழுதினார். எபர்ஹார்ட் ஷோனர் நடத்த, ஃபில்ஹார்மோனியா ஹங்காரிகா ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. கான்செர்ட்டோவில் இருந்த ஒட்டுகள் இதில் இல்லை. டிரம்ஸ் வரும்போது வயலின்கள் ஒதுங்கிப் போவதில்லை, கூடவே ஆடுகின்றன.

டீப் பர்ப்பிள் 1976-ல் கலைந்த பிறகு?

பெய்ஸோடும் டோனி ஆஷ்டனோடும் ஒரு குழு நடத்தினார், நீடிக்கவில்லை. 1978-லிருந்து கவர்டேலின் 'ஒயிட்ஸ்னேக்'. அங்கே அவருக்குப் பின்வரிசை வேலைதான். 1984-ல் டீப் பர்ப்பிளின் பழைய அணி திரும்பக் கூடி 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டைத் தொடங்கி வைக்கும் ஆர்கனைக் கேட்டாலே ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று தெரியும். அந்த வருடம் சிட்னி மேடையில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் இவர்களோடு சேர்ந்து வாசித்தார். லார்டும் அவரும் நெருங்கிய நண்பர்கள்.

உச்சத்தில் இருந்த குழுவை 2002-ல் ஏன் விட்டார்?

கசப்பினால் இல்லை. வருடம் முழுக்கப் பயணம், நேரம் கிடைத்தால் எழுதுவது என்ற வாழ்க்கையை மாற்ற நினைத்தார். 1990-களின் நடுவில் அவருடைய தாயார் இறந்ததும், அந்தத் துக்கத்திலிருந்து 'பிக்சர்டு விதின்' என்ற அமைதியான ஆல்பம் 1998-ல் பிறந்ததும் அவரை அந்தப் பக்கம் நகர்த்தியிருந்தன. 2002 செப்டம்பரில் இப்ஸ்விச் நகரில் கடைசிக் கச்சேரி. அவர் இடத்துக்கு டான் ஏரி வந்தார்.

பிற்காலப் படைப்புகள் கேட்கத் தகுந்தவையா?

கேட்காமல் இருப்பது நஷ்டம். டர்ஹம் பல்கலைக்கழகம் தன் 175-ஆம் ஆண்டுக்காகக் கேட்டு எழுதிய 'டர்ஹம் கான்செர்ட்டோ' 2007 அக்டோபரில் டர்ஹம் பேராலயத்தில் அரங்கேறியது. அந்த ஊரின் ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை ஆறு பகுதிகளில் சொல்கிறது. வயலின், செல்லோவோடு நார்தம்பிரியப் பகுதியின் நாட்டுப்புறத் துருத்திக் குழலும் வருகிறது, லார்டின் ஹாமண்டும் வருகிறது. நாற்பது வருடம் முன்பு ஆர்க்கெஸ்ட்ராவின் எதிரியாக நுழைந்த அதே கருவி இங்கே உள்ளூர்க்காரர் போல உட்கார்ந்திருக்கிறது.

எழுத்தாளரும் வழக்கறிஞருமான ஜான் மார்ட்டிமர் அவருடைய நண்பர். மார்ட்டிமர் இறந்த பிறகு அவர் நினைவாக லார்ட் எழுதிய 'டு நோட்டிஸ் சச் திங்ஸ்' 2010-ல் வந்தது. புல்லாங்குழல், பியானோ, தந்திக் கருவிகள் மட்டும். ஹாமண்ட் கிடையாது.

மற்ற ராக் கீபோர்டு கலைஞர்களான எமர்சன், வேக்மன் ஆகியோரிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

கீத் எமர்சன் புயல். கிளாசிக்கல் படைப்புகளை எடுத்து ராக்காக மாற்றி வாசிப்பதிலும், ஆர்கனில் கத்தியைச் செருகுவது போன்ற மேடை சாகசங்களிலும் அவருக்கு இணையில்லை. ரிக் வேக்மன் கதை சொல்பவர், சுற்றிலும் கீபோர்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு. லார்டுக்கு சிந்தசைசர் மேல் பெரிய மோகம் வரவில்லை. சில காலம் பயன்படுத்தினார், அவ்வளவுதான். அவர் குழுவுக்குள் நின்று வாசித்தவர். கிதாரோடு கேள்வி-பதில் நடத்துவதில்தான் அவருக்கு ருசி. ஜப்பானில் 1972-ல் பதிவான 'மேட் இன் ஜப்பான்' நேரடிப் பதிவில் அதை நன்றாகக் கேட்கலாம்.

கடைசி நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார்?

2011 ஆகஸ்டில், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பதாக அவரே அறிவித்தார். அதற்கு நடுவில், 1969 கான்செர்ட்டோவை முதல்முறையாக ஸ்டுடியோவில் முறையாகப் பதிவு செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. ராயல் லிவர்பூல் பில்ஹார்மோனிக், நடத்துபவர் மறுபடி பால் மான், கிதாரில் ஸ்டீவ் மோர்ஸ், ஜோ பொனமாசா, பாடியவர்களில் புரூஸ் டிக்கின்சன். 2012 ஜூலையில் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து, 71 வயதில் இறந்தார். பதிவு அதே வருடம் வெளிவந்தது. 2016-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் டீப் பர்ப்பிளைச் சேர்த்துக்கொண்டபோது அவர் பெயரும் இருந்தது, ஆள் இல்லை. இது எப்போதோ செய்திருக்க வேண்டியது.

ஹாமண்ட் இல்லாமல் வீட்டுக் கீபோர்டில் அந்த ஒலியைக் கொண்டுவர முடியுமா?

ஓரளவு முடியும். டிராபார் உள்ள கீபோர்டோ மென்பொருளோ வேண்டும். இடப்பக்கத்து முதல் மூன்று டிராபார்களை முழுதாக இழுத்து, மற்றவற்றை மூடிவிட்டுத் தொடங்குங்கள். லெஸ்லி விளைவைக் குறைத்து, கிதார் ஆம்ப் மாதிரி ஒலியைக் கிழிக்கும் ஓவர்டிரைவை ஏற்றுங்கள். பர்க்கஷன் என்ற பொத்தானைப் போட்டால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சுரத்திலும் ஒரு 'டிங்' விழும். எல்லா விசைகளையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் அது திரும்ப வரும். ஆகவே 'டிங்' வேண்டிய இடத்தில் விரலை எடுத்து வாசிக்கப் பழக வேண்டும், வேண்டாத இடத்தில் ஒட்டி வாசிக்க வேண்டும். அப்புறம் இடது கையில் பெரிய கார்டுகளைத் தவிருங்கள். இரண்டு சுரம் போதும், மூன்றாவதைச் சேர்த்தால் ஓவர்டிரைவ் அதைக் குழப்பிவிடும்.